பூனை படுக்கும் இடைவெளி

அந்தத் தெருவில் அவரைத் திரைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னலுக்கும் வாசலுக்கும் திரைச்சீலை தைத்து, கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். ஆள் குட்டை. கம்பியில் வளையம் கோக்க ஏணியின் மேல்படி வரை ஏறினால்தான் கை எட்டும். ஆனால் மாட்டி முடித்து இறங்கி, சற்றுப் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் பரீட்சை எழுதிய பிள்ளைகளைப் போல வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். திரையின் அடி விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கொஞ்சம் தூக்கலாக இருந்துவிட்டால், "கணுக்கால் தெரியுது" என்று முகத்தைச் சுளித்து, கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். போதும் என்று வீட்டுக்காரர்களே கெஞ்சினாலும் கேட்க மாட்டார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தது.

பெரிய வீடொன்றில் திரை மாட்டப் போயிருந்தார். கார் நிறுத்தும் கூடத்தில் ஏதோ ஒன்றைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். உறையின் ஓரத் தையல் கோணலாக இருக்கிறதே என்று தூக்கிப் பார்த்தார். உள்ளே மாதுளை நிறத்தில், இரண்டே கதவுகளோடு, மூக்கு நீண்ட ஒரு கார் தூங்கிக்கொண்டிருந்தது. தையலை மறந்துவிட்டார். முதுகு வலி வந்த பிறகு அதில் ஏறவே முடிவதில்லை என்றும், யாராவது கொண்டுபோனால் அந்த இடத்தில் செடி வைப்பேன் என்றும் வீட்டுக்கார அம்மாள் சொன்னார். திரைக்காரர் பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலே பேசி முடித்து, அடுத்த வாரமே வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

கழுவினார், துடைத்தார், மெழுகு போட்டார். பிறகு வழக்கம்போல் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். அங்கேதான் வினை பிடித்தது. சக்கரத்துக்கும் அதன் மேலிருக்கிற மட்கார்டு வளைவுக்கும் நடுவே அகலமாக ஓர் இடைவெளி. எவ்வளவு அகலம் என்றால், மாடி வீட்டு டீச்சர் வளர்க்கும் பூனை முன் டயரின் மேல் ஏறி, அந்தச் சந்துக்குள் உடம்பைச் சுருட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"கணுக்கால் தெரியுது" என்றார் திரைக்காரர்.

அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுபவள். நெடுநெடுவென்று உயரம். பணி முடிந்து சீருடையோடு அப்போதுதான் வந்திருந்தாள்.

"யாருக்கு?" என்றாள்.

"காருக்கு. இதோ பாரு, மேல தூக்கிக்கிட்டு நிக்குது. ஸ்போர்ட்ஸ் காருன்னா தரையோட தரையா படுத்திருக்கணும்."

"ஓடுதில்ல?"

"ஓடுது."

"அப்ப விடுங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். ஆனால் விடுவது என்பது திரைக்காரர் ரத்தத்திலேயே கிடையாது. மறுநாள் ஒர்க்ஷாப்புக்குப் போய் விசாரித்தார். காரைக் கீழே இறக்க நாலு சக்கரத்துக்கும் குட்டை ஸ்பிரிங் போட வேண்டும், கூடவே ஷாக் அப்சார்பரும் மாற்றினால் நல்லது, செட்டாக வருகிறது என்று சொல்லி மெக்கானிக் விலையைக் காட்டினார். அந்த விலைக்கு அந்தக் காரையே இன்னொரு முறை வாங்கலாம். திரைக்காரர் நன்றி சொல்லிவிட்டு, பாக்கெட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று மாலையே மைத்துனனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி. ஜிம் ஒன்றில் மாஸ்டர். தெருவில் பயில்வான் என்று பெயர். உடம்பு அப்படி, மனசு அதைவிடப் பெரிது, எதைச் செய்யச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் சட்டைக் கையை மடிப்பவன். அந்தக் குணத்தால் வந்த சேதாரங்கள் குடும்பத்தில் ஏராளம்.

"இது நம்ம லைன் மாமா" என்றான் பயில்வான். "தூக்குறது, இறக்குறது, அவ்வளவுதானே. வீடியோவெல்லாம் பாத்திருக்கேன். இறங்கின வண்டி எல்லாத்துலயும் ஸ்பிரிங் சிவப்பா இருக்கும். சிவப்பு ஸ்பிரிங் வாங்கினா வேலை முடிஞ்சுது."

இருவரும் உடைத்த வண்டிகளின் உதிரிபாகம் விற்கிற கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஏதோ காரிலிருந்து பிடுங்கிய சீட்டில், சீட் பெல்ட் மடியில் கிடக்க, சாய்ந்திருந்தார்.

"இந்தக் கம்பெனி வண்டிக்குச் சிவப்பு ஸ்பிரிங் இருக்கா?" என்று கேட்டான் பயில்வான்.

"இருக்கே."

"நாலும் இருக்கா?"

"நாலும் இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. திரைக்காரர் துணி வாங்கும்போது நூலைப் பிரித்துப் பார்த்து, ஈரக் கையால் தேய்த்துப் பார்த்து, கடைக்காரர் உயிரை எடுப்பவர். ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை நிறத்தைப் பார்த்தார், மயங்கிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் வாசலில் வேலை ஆரம்பமானது. ஜாக்கியால் காரைத் தூக்கி, நாலு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார்கள். கழுத்தில் அளவு நாடாவோடு குனிந்த திரைக்காரர், ஒவ்வொரு போல்டும் எந்த நிலையில் இருந்தது என்று தையல் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார். பயில்வான் ஸ்பேனரைப் பிடித்தான். துரு ஏறிய நட்டுகள் அசைய மறுத்தன. எண்ணெய் விட்டு ஊறவிடலாம் என்று திரைக்காரர் சொல்லி வாய் மூடுவதற்குள் பயில்வான் மூச்சை இழுத்து ஒரு முறுக்கு முறுக்கினான். நட்டு வரவில்லை, போல்டின் தலை தனியாகக் கையோடு வந்தது.

"வந்துடுச்சு மாமா" என்றான் பெருமையாக.

உடைந்த போல்டைத் துளை போட்டு எடுப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. குடையும் கூடையுமாக வெளியே கிளம்பிய மாடி வீட்டு டீச்சர் நின்று பார்த்தார்.

"கார் ரிப்பேருங்களா?"

"இல்ல டீச்சர், நல்லாத்தான் ஓடுது."

"அப்புறம் எதுக்குக் கழட்டுறீங்க?"

"கொஞ்சம் இறக்குறோம்."

டீச்சர் காரைப் பார்த்தார். அது ஸ்டாண்டுகளின் மேல் இடுப்பளவு உயரத்தில், சக்கரமில்லாமல் அந்தரத்தில் நின்றது. "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பழைய ஸ்பிரிங்கை எடுப்பதுதான் உயிர் போகிற வேலை. அது ஷாக் அப்சார்பரைச் சுற்றி இறுக்கமாக அடைபட்டு உட்கார்ந்திருக்கும். மேல் நட்டை அப்படியே கழற்றினால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் இரண்டு பக்கமும் கொக்கி போட்டு, திருகித் திருகி அமுக்கிய பிறகுதான் நட்டில் கை வைக்க வேண்டும். அந்தக் கொக்கியை ஒர்க்ஷாப் மெக்கானிக்கிடம் வாடகைக்கு வாங்கி வந்திருந்தார்கள். "முகத்தைக் கிட்ட கொண்டு போகாதீங்க" என்று அவர் எச்சரித்தே கொடுத்தார். திரைக்காரர் அதைக் கொஞ்சம் அதிகமாகவே மனதில் வாங்கிக்கொண்டு, தலையை முடிந்தவரை பின்னால் வளைத்து, கண்ணை மூடிக்கொண்டு திருகினார். பயில்வான் சமையல் பாத்திரமொன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். ஜன்னல் வழியே அதைப் பார்த்த மனைவி, அந்தப் பாத்திரத்தை இனிமேல் உள்ளே கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு சாயங்காலம் நாலு சிவப்பு ஸ்பிரிங்கும் ஏறிவிட்டன. சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை மெல்ல இறக்கினார்கள். கார் தரையில் உட்கார்ந்தது. திரைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார், தலையைச் சாய்த்தார். சாய்த்த தலை அப்படியே நின்றுவிட்டது.

"மச்சான், முன்னைவிட உசரமா இருக்கு."

"உங்களுக்கு அப்படித் தோணுது மாமா."

அளவு நாடாவை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். தோற்றமில்லை, உண்மை. கார் ஒரு சாண் அளவுக்கு எழும்பி, சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பவளைப் போல நின்றது. பூனை வந்தது. பழைய இடத்தில் ஏறிப் பார்த்தது. இப்போது அங்கே அது எழுந்து நின்று முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கலாம் போலிருந்தது. முறித்தது.

"ஓட்ட ஓட்ட இறங்கிடும்" என்றான் பயில்வான். "புதுச் செருப்பு மாதிரி."

ஒரு வாரம் ஓட்டினார்கள். பயில்வான் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து குதித்தும் பார்த்தான். கார் தன் முடிவில் உறுதியாக இருந்தது. மனைவி ஒருத்திக்குத்தான் சந்தோஷம். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "பரவாயில்லையே, இப்ப முட்டி இடிக்கல" என்று பாராட்டினாள். தொழிலில் அத்தனை வருடமாக யார் பாராட்டும் திரைக்காரரை இவ்வளவு நோகடித்ததில்லை.

உதிரிக் கடைக்குத் திரும்பிப் போனார்கள்.

"இந்தச் சிவப்பு ஸ்பிரிங்கு எந்த வண்டியிலேர்ந்து எடுத்தீங்க?" என்று கேட்டார் திரைக்காரர்.

"பார்சல் வேன். அதே கம்பெனிதான். எவ்வளவு சுமை ஏத்தினாலும் அசையாது."

"அப்ப சிவப்புக் கலர்?"

"துரு தெரியக் கூடாதுன்னு நான்தான் பெயின்ட் அடிச்சேன். நீங்க சிவப்பு கேட்டீங்க, குடுத்தேன். வண்டி இறங்கணும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

சொல்லவில்லைதான். பயில்வான் கூரையைப் பார்த்தான். கடைக்காரர் எழுந்து உள்ளே போய், கறுப்பாக, குட்டையாக நாலு ஸ்பிரிங் கொண்டுவந்து போட்டார். இதே மாடல் கார், போட்டிக்கெல்லாம் போகிற ஒருவன் போட்டிருந்தது என்றார்.

"நல்லா இறங்குமா?"

"இறங்கும்."

"எவ்வளவு?"

"அவனைத்தான் கேக்கணும். இப்பல்லாம் அவன் அந்த மாதிரி ஓட்டுறதில்ல."

திரைக்காரருக்குச் சுரீர் என்றது. "ஏன், என்ன ஆச்சு?"

"கல்யாணம் ஆயிடுச்சு."

சிவப்பைக் கழற்றித் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கறுப்பை வாங்கி வந்தார்கள். இந்த முறை வேலை பழகிவிட்டது. பாத்திரம் தேவைப்படவில்லை. ஒரு போல்டும் உடையவில்லை. ஜாக்கியை இறக்கியபோது கார் தரையை நோக்கி வந்தது. வந்துகொண்டே இருந்தது. "நிக்கலையே மாமா" என்று பயில்வான் தாழ்ந்த குரலில் சொன்னான். திரைக்காரர் ஜாக்கியை இன்னும் மெல்லத் திருகினார். எங்கே போய் நிற்குமோ என்று அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு பெருமூச்சோடு நின்றது. மட்கார்டு வளைவு டயரின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருந்தது. இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லை.

திரைக்காரர் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். பிறகு தெரு முனைக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து காரின் பக்கத்தில் நின்றபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. அதன் கூரை அவர் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. முழங்கையை ஊன்றிக்கொண்டு சாய்ந்து நிற்க முடிந்தது. வாழ்நாளில் எதையும் அண்ணாந்து பார்த்தே பழகிய மனிதருக்கு, தன் சொந்தக் காரை மேலிருந்து கீழே பார்ப்பது எப்படி இருந்திருக்கும். டீ வந்தபோது அந்த நிலையிலேயே நின்று குடித்தார். பூனை வந்து, தலையை நுழைக்கப் பார்த்து, முடியாமல், அவரை ஒரு முறை முறைத்துவிட்டுப் போய்விட்டது.

மனைவி வந்தாள். காரைச் சுற்றி நடந்தாள். குனிந்து, கைக்குட்டையைக் காரின் அடியில் விட்டுப் பார்த்தாள்.

"மடிக்காம விட்டா போகுது. மடிச்சா போகல."

"அழகா இருக்கில்ல?"

"அழகாத்தான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டாள். "ஆனா என் சீட்டுலேர்ந்து பாத்தா இது ரோட்டுல இருக்கிறதே தெரியாது. அப்புறம் அந்த ஆஸ்பத்திரி ஸ்டாப் முன்னாடி ஒரு வேகத்தடை போட்டிருக்கான் பாருங்க, சின்ன மலை. அதுல ஏறுறப்போ எங்க பஸ்ஸே முனகும்."

"குறுக்கால சாய்ச்சு ஓட்டிடுவேன்."

"சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரியாதவர் போல இருந்துகொண்டார்.

அதன்பின் ஊரே அவருக்கு வேறாகிவிட்டது. எந்தத் தெருவில் எத்தனை மேடு, எந்தச் சாக்கடை மூடி துருத்திக்கொண்டிருக்கிறது, எங்கே தார் பெயர்ந்திருக்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். வேகத்தடை வந்தால் காரைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக, தூங்குகிற குழந்தையைத் தாண்டுவது போலத் தாண்டுவார். பயில்வான் கூட இருந்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்வான். சைக்கிளில் போகிறவர்கள் அவர்களை முந்திக்கொண்டு போனார்கள். நடந்து போகிறவர்கள் சிலர் நின்று வழி சொன்னார்கள். இருந்தாலும் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் குனிந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காக அவர் இன்னும் எத்தனை மேடுகளை வேண்டுமானாலும் கடக்கத் தயாராக இருந்தார்.

அப்போது ஒரு கண் மருத்துவமனைக்குத் திரை தைக்கும் வேலை வந்தது. புதிதாகத் திறக்கிறார்கள். கண் பரிசோதிக்கும் அறைக்குள் வெளிச்சம் ஒரு துளிகூட வரக் கூடாது. அதனால் தடித்த இருட்டுத் துணி, இரட்டை மடிப்பு. ஒரு திரையைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். எப்போதும் இப்படிப்பட்ட சுமையை லோடு வண்டியில்தான் அனுப்புவார். ஆனால் அன்று அந்தப் புதுக் கட்டடத்தின் கண்ணாடி வாசலில், டாக்டர்கள் பார்க்க, மாதுளை நிறக் காரில் போய் இறங்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பின்சீட்டிலும் டிக்கியிலும் திரைகளை அடைத்தார். முன்சீட்டில் பயில்வானை அடைத்தார். கார் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, வயிறு முட்டச் சாப்பிட்டவன் போல மெல்ல நகர்ந்தது.

வழியில், மனைவி சொன்ன அந்த ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு வந்தபோது பயில்வான் வழக்கம்போல் இறங்குவதற்குக் கதவில் கை வைத்தான். பின்னாலிருந்து ஒரு லாரி பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. திரைக்காரர் பதறி, காரைச் சாய்க்காமலே நேராக ஏற்றிவிட்டார். முன்சக்கரங்கள் மேட்டைத் தாண்டின. அடுத்த நொடி கீழே கரகரவென்று ஒரு சத்தம். வண்டியின் வயிறு மேட்டின் உச்சியில் உட்கார்ந்துகொண்டது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் முன்சக்கரங்கள் பிடிப்பில்லாமல் சுற்றின. கார் தராசுத் தட்டு போல லேசாக ஆடியது. லாரிக்காரர் ஒதுங்கிப் போய்விட்டார். அவருடைய இடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பஸ் வந்தது. வந்த வேகத்தில் வந்து, கடைசி நிமிடத்தில் டயர் தேயப் பிரேக் போட்டு நின்றது. திரைக்காரர் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். கண்ணாடி முழுக்க பஸ்ஸின் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. அதன் ஒரு மூலையில் இருந்த சிறு கீறல் அவருக்குத் தெரிந்த கீறல்.

"மாமா" என்றான் பயில்வான். "அக்கா பஸ்ஸு."

"தெரியுது. குனிஞ்சுக்கோ."

பயில்வான் குனிய முயன்றான். அந்த உடம்புக்கு அந்தக் காரில் அது நடக்கிற காரியமில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே சீருடையின் பெல்ட் தெரிந்தது. பிறகு அவள் குனிந்தாள், இன்னும் குனிந்தாள், முகம் தெரியும் அளவுக்குக் குனிந்தாள். முகம் வெளிறியிருந்தது. புருஷனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பஸ் ஜன்னல்களில் எட்டிப் பார்க்கும் பயணிகளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"சார்" என்றாள். "வண்டிய எடுங்க சார்."

திரைக்காரருக்கு விஷயம் புரிந்தது. "மாட்டிக்கிச்சு மேடம்" என்றார்.

"அக்கா, நான் தூக்கவா?" என்றான் பயில்வான்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அதற்குள் பஸ்ஸின் ஸ்பீக்கரில், ஏன் நிற்கிறீர்கள் என்று கண்ட்ரோல் ரூமிலிருந்து குரல் வந்தது. ஏறிப் போய்ப் பதில் சொன்னாள்.

"ரோட்டுல ஒரு தடை."

"பெரிய தடையா?"

அவள் திரும்பி, காரிலிருந்து இறங்கி நின்ற புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "இல்ல, சின்னதுதான். எடுத்துட்டு வரேன்."

அடுத்து பயில்வானும் இறங்கினான். கார் நன்றியோடு கொஞ்சம் எழும்பியது. பிறகு திரைகளை இறக்க வேண்டியிருந்தது. ரோட்டில் வைத்தால் அழுக்காகும் என்று திரைக்காரர் தவித்தார். தூய வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பயணி, "அதுக்கென்ன, மேல ஏத்துங்க" என்றார். பயணிகள் வரிசையாகக் கை மாற்றிக் கை மாற்றித் திரைகளை பஸ்ஸுக்குள் கொண்டுபோய்க் காலி சீட்டுகளில் உட்கார வைத்தார்கள். அப்புறம் பயில்வானும் இன்னும் நாலைந்து ஆண்களும் பின்பம்பரின் அடியில் கை கொடுத்தார்கள். டாக்டரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, தன் கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டி எப்போது தூக்க வேண்டும் என்று தாளம் கொடுத்தார். தூக்கினார்கள். கார் முன்னால் உருண்டு, மேட்டிலிருந்து இறங்கியது. அதன் சைலன்சர் மட்டும் மேட்டின் மேலேயே தங்கிவிட்டது.

சைலன்சர் இல்லாத கார் கிளம்பியபோது தெருவே காதைப் பொத்திக்கொண்டது. பயில்வான் அதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். அவன் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே மாடி வீட்டு டீச்சர் மொட்டை மாடிக்கு ஓடி, விமானம் எங்கே என்று வானத்தைப் பார்த்தாராம்.

"திரை எங்க போகணும்?" என்று கேட்டாள் மனைவி.

"கண் ஆஸ்பத்திரிக்கு. ரெண்டு ஸ்டாப் தள்ளி."

"என் ரூட்டுதான். டிக்கெட் எடுத்துட்டு உக்காருங்க."

அவர் அவளுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில், அவள் ஓட்டுகிற பஸ்ஸில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. பெரிய ஸ்டீயரிங்கை அவள் அலட்டாமல் திருப்பினாள். கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவள் நிறுத்தம் சொன்னதும் சிரிப்பை விட்டு இறங்கினார்கள். அதே நிறுத்தத்தில் கைத்தடி மூதாட்டி எழுந்தபோது அவள் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். உஸ் என்ற சத்தத்தோடு பஸ்ஸின் ஒரு பக்கம் அப்படியே தாழ்ந்து, படி நடைபாதை மட்டத்துக்கு வந்தது. மூதாட்டி இறங்கியதும் பஸ் எழும்பி நின்றது.

திரைக்காரருக்குக் கண் விரிந்தது. முன்னால் சாய்ந்தார். "அது எப்படி வேலை செய்யுது?"

"வேண்டாம்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

அவர் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார். சிக்னலில் நின்றபோது ஒரு சிறிய கார் பக்கத்துச் சந்திலிருந்து வந்து பஸ்ஸுக்கு முன்னால் நுழைந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் அதன் சக்கரம் மறைந்தது, பிறகு கதவு, பிறகு கூரை. முன்கண்ணாடியின் கீழ் விளிம்புக்குள் அது முழுசாகப் போய்விட்டது. ரோடு காலியாக இருந்தது. அது அவருடைய காரைவிட உயரமான கார்.

"அங்க ஒரு கார் இருக்கு" என்றார்.

"தெரியும். உள்ள வந்ததைப் பாத்தேன்." கண்ணாடியை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "உங்களை நான் பாக்கலங்க. லாரி விலகினதும் ரோடு காலின்னு நினைச்சேன். பின் கண்ணாடியில அந்தத் துணி மூட்டை தெரிஞ்சுதா, அதைப் பாத்துதான் பிரேக்ல கால் போச்சு."

அவர் இறங்க வேண்டிய இடம் வரை அவள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் திரைகள் நன்றாக அமைந்தன. உள்ளே இருட்டு அப்படி ஓர் இருட்டு. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கிய திரைக்காரரைக் கண்ணாடி வாசலில் யாரும் கவனிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரமே கறுப்பு ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, பழைய ஸ்பிரிங்குகளையே திரும்ப மாட்டுவதாக அவர் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். அவ்வளவு ஆசைப்பட்டது, ஒரேயடியாக வேண்டாம் என்றால் இன்னொரு கார் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். உதிரிக் கடைக்கு இந்த முறை அவளே போனாள். வண்டியின் மாடல், ஆண்டு, இஞ்சின், எவ்வளவு இறங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நின்ற நிலையிலேயே சொல்லி, கடைக்காரரை அந்த சீட்டிலிருந்து பல தடவை எழுப்பி, மிதமான உயரத்தில் ஒரு செட் எடுத்து வந்தாள். அதை மாட்டி, வேறொரு பழைய சைலன்சரும் போட்டு, ஒர்க்ஷாப்பில் சக்கரங்களின் கோணத்தையும் சரிபார்த்துக்கொண்டார்கள். வளைவுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் போகும். திரைக்காரர் முதலில் பெருமூச்சு விட்டார். பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரி மேட்டை யாரும் இறங்காமலே கடந்தபோது, அவருக்கே தெரியாமல் விசிலடித்தார்.

ஆனால் கண்ணுக்குத் தெரிவது என்ற பிரச்சினை அப்படியே இருந்தது. விடுமுறை நாளொன்றில் அவள் அவரை டிப்போவுக்கு வரச் சொன்னாள். தன் பஸ்ஸில் ஏறி ஸ்டீயரிங்கின் முன் உட்கார்ந்தாள். அவர் காரைக் கொண்டுபோய் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் நிறுத்தினார்.

"தெரியுதா?" என்று கத்தினார்.

"எங்க இருக்கீங்க?" என்று மேலிருந்து குரல் வந்தது.

ஓய்வறையிலிருந்த டிரைவர்கள் டீ கிளாசோடு வெளியே வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. காருக்கு மஞ்சள் பெயின்ட் அடி என்றார் ஒருவர். ஹாரனை அமுக்கிக்கொண்டே ஓட்டச் சொல்லு என்றார் இன்னொருவர். கடைசியில் அவள்தான் இறங்கி வந்து, காரின் கூரையிலிருந்த வானொலிக் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அது நீண்டது. இன்னும் இழுத்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இதோட உச்சியில ஒரு மஞ்சள் துணி கட்டுங்க."

"கொடியா?" அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஸ்போர்ட்ஸ் கார்ல கொடியா?"

"ஆமா."

"குழந்தைங்க ஓட்டுற மூணு சக்கர சைக்கிள்ல கட்டுவாங்களே, அது மாதிரியா?"

"அது மாதிரியேதான். இல்லன்னா பஸ்ஸுல போங்க. டிக்கெட் எடுத்துட்டு."

டிரைவர்கள் டீயை உறிஞ்சிக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். திரைக்காரர் அந்தக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். பஸ் சீட்டில் உட்கார்ந்து அந்தச் சிறிய கார் மறைந்ததைப் பார்த்த நொடி அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து, இருப்பதிலேயே பளிச்சென்ற மஞ்சள் பட்டுத்துணியில் முக்கோணமாக வெட்டி, ஓரம் பிசிறாமல் இரட்டைத் தையல் போட்டு, கம்பியின் உச்சியில் மாட்டினார்.

மறுநாள் சந்தைத் தெருச் சிக்னலில் நின்றபோது, பின்னால் வந்து நின்ற பஸ் விளக்கை ஒரு முறை அணைத்து எரித்தது. அது அவள் பஸ் இல்லை. எதிரில் வந்த இன்னொரு பஸ்ஸின் டிரைவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அந்த வாரம் முடிவதற்குள் அவர் எங்கே போனாலும் ஊரிலுள்ள பஸ்ஸெல்லாம் அவருக்கு வணக்கம் வைத்தன. பக்கத்து வண்டிக்காரர்கள் யாரோ பெரிய மனிதர் போலிருக்கிறது என்று கொடியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்.

"டிப்போவுல உங்களுக்குப் பேரு வச்சுட்டாங்க" என்றாள் மனைவி ஒருநாள், சீருடையை மடித்துக்கொண்டே.

"என்ன பேரு?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெடுநேரம் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.